உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை

கோயம்புத்தூர்,
14.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெரோம் வணக்கத்துடன் எழுதுவது. நேற்று மாலை நீங்கள் தொலைபேசியில் "தம்பி, நடந்தது என்னன்னா" என்று தொடங்கியதும் நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். வருந்தியிருப்பீர்கள். மரியாதைக் குறைவாக அதைச் செய்யவில்லை. தொலைபேசியில் சொன்ன சொல் யார் யாரிடம் போய்ச் சேரும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. அதே விஷயத்தை நீங்கள் உங்கள் கைப்பட எழுதி, உங்கள் வழக்கறிஞர் என்ற முறையில் எனக்கு அனுப்பினால், உங்கள் சம்மதம் இல்லாமல் அதை நான் யாரிடமும் வெளியிடச் சட்டம் அனுமதிக்காது. நீதிபதியே கேட்டாலும் நான் மறுக்கலாம், மறுத்தாக வேண்டும். ஆகவே எழுதுங்கள். எதையும் மறைக்காமல், எதையும் கூட்டாமல் எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிணவறை வாசலில் உங்கள் மைத்துனர் சாமுவேல் போலீசாரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் தோட்டத்து வேலையாள் ஐயாசாமி காலையில் மோட்டார் அறைக்குப் போனார். ஈரக் கையோடு ஸ்டார்ட்டரை வலது கையால் தொட்டார். தூக்கியெறியப்பட்டு அங்கேயே விழுந்தார். இதுதான் சாமுவேலின் வாக்குமூலம்.

அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்றதால் நானும் உள்ளே சென்றேன். அவருடைய வலது உள்ளங்கை சுத்தமாக இருந்தது. இடது கையில் நான்கு விரல்களின் உட்புறமும் குறுக்காக ஒரே கோடு ஓடியது. வெளிறிய சாம்பல் நிறம், அகலம் ஒரு தீக்குச்சியளவு, இருபுறமும் தோல் தடித்துக் கரை கட்டியிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் அப்படியொரு கோட்டைப் போடக்கூடிய பாகம் எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எதையும் முடிவு செய்யவில்லை, அண்ணா. கேட்கிறேன், அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது அவருடைய மனைவி பாவாத்தாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அழுகை ஓய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஏனுங் வக்கீலண்ணா, அவிய துடிச்சாங்களா, இல்ல ஒடனே போயிட்டாங்களா? அத மட்டும் சொல்லீருங்" என்று கேட்டார். தெரியாதம்மா என்றேன். அன்று அது உண்மை.

மெர்சி அண்ணியை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். பதிலை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.

என்றும் அன்புள்ள தம்பி,
ஜெரோம்


அன்னூர்,
17.10.2025

இயேசுவுக்குப் புகழ்!

அன்புத் தம்பி ஜெரோமுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அங்கே உன் வீட்டில் தங்கச்சியும் மகள் நவ்யா கண்ணும் சுகம்தானே? புள்ளை பரீட்சை எழுதினாள் என்று மெர்சி சொன்னாள், நீ சொல்லவில்லை. தோட்டம் வாங்கி ஐந்து வருஷத்தில் நீ இங்கே வந்தது நான்கு தடவை. அதில் இரண்டு தடவை காரை விட்டு இறங்கவில்லை. இருக்கட்டும்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் எட்டு வரிசை மக்காச்சோளத்தைச் சாய்த்துப்போட்டது உனக்குத் தெரியும். பட்டாசு, பழைய சேலை, எல்லாம் பார்த்தாயிற்று. செப்டம்பர் கடைசியில்தான் ஓரமாக இரண்டு வரிசைக் கம்பி கட்டி மோட்டார் ரூமிலிருந்து ஒரு வயர் இழுத்தேன். மெர்சி அன்றைக்கே சொன்னாள், "சோலார் வேலி போடுங்க, இல்லீன்னா உட்டுப்போடுங்க, நேர் லைன் வேண்டா" என்று. அடுத்த மாசம் பார்க்கலாம் என்றேன். ஒரு நாள் தவறாமல் காலை ஐந்தரைக்கு நானே போய் ஆஃப் செய்துவிடுவேன். ஐயாசாமி ஆறு மணிக்கு வருவான். சுற்றிக்கொண்டு வர மாட்டான். மேல் கம்பியை இடது கையால் தூக்கிப் பிடித்து, மண்வெட்டியோடு குனிந்து உள்ளே நுழைவான். ஐந்தரைக்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அசந்து தூங்கிவிட்டேன், தம்பி. எழுந்தபோது ஐந்தே முக்கால். முதல் பூசைக்கு நேரமாகிறதே என்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல வெளிச்சம். ஐயாசாமி வேலியோரம் முட்டி மடங்கி, கம்பியைப் பிடித்தபடி இருந்தான். ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். "ஏனப்பா ஐயாசாமி, காலங்காத்தால கம்பியப் புடிச்சுட்டு ஜெபமா பண்றே?" என்று சத்தம் போட்டேன். பூசைக்கு என்னோடு கிளம்பிய சாமுவேல் சிரித்தான். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஓடிப்போய் ஆஃப் செய்தேன். கம்பியை விட்டுவிட்டுச் சாய்ந்தான்.

நான் தூக்கத்தான் போனேன். சாமுவேல் என் சட்டையைப் பிடித்து இழுத்துப்போட்டான். "தொடாதீங்க மாமா, உடம்புல கரண்ட் நிக்கும். எறங்கட்டும்" என்றான். எனக்கும் அது சரியாகப்பட்டது. மில்லில் இருந்த காலத்திலிருந்து கேள்விப்பட்டதுதானே? ஆகவே ஜாக்கிரதையாக நின்றோம். அவன் விரல் வெட்டி வெட்டி இழுத்தது. குறட்டை மாதிரி, தொண்டையிலிருந்து நான்கைந்து தடவை சத்தம் வந்தது. "பாருங்க, எறங்குது" என்றான் சாமுவேல். ஈர மண் அள்ளி அவன் காலில் போட்டோம், சீக்கிரம் இறங்கட்டுமென்று. பத்து நிமிஷம் இருக்கும். சத்தம் நின்ற பிறகு காய்ந்த குச்சியால் தொட்டுப் பார்த்து, அப்புறம் கையால் தொட்டேன். முடிந்துபோயிருந்தது.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. போன கிறிஸ்துமசுக்குப் பிரியாணி சாப்பிட்டபடி நீ சொன்னாயே, பொள்ளாச்சிப் பக்கத்து வேலிக் கேசை எப்படி உடைத்தாய் என்று? "பிணம் வேலியில கெடந்தா கேசு, மோட்டார் ரூம்ல கெடந்தா விபத்து, அவ்வளவுதான் வித்தியாசம்." எல்லாரும் சிரித்தோம். அதைத்தான் செய்தேன். நானும் சாமுவேலும் இழுத்துக்கொண்டு போய் மோட்டார் ரூமில் போட்டு, காலில் இருந்த மண்ணைக் கழுவிவிட்டு, அதற்கப்புறம் மெர்சியைக் கூப்பிட்டேன். பாவம், அவள் ஓடிவந்து இருபது நிமிஷம் நெஞ்சை அமுக்கினாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சு அல்லவா? இப்போதும் சாப்பிட உட்கார்ந்தால், "நான் செரியா அமுக்கலீங்களா?" என்று கேட்கிறாள். அவன் வேலியில் செத்த விஷயம் அவளுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் சாமுவேலுக்கும் மட்டும்தான்.

ஐயாசாமியை நான் வேலைக்காரனாக நடத்தவில்லை, அது உனக்கே தெரியும். நம் வளவுத் தெருவில் பிறந்தவன். நம் அப்பா கூலிக்குப் போன காட்டுக்காரர்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினால் யாரும் கையில் வாங்க மாட்டார்கள், "அங்கியே வெச்சுப்போடு" என்பார்கள். அதை நாம் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். என் தோட்டத்தில் அப்படியெல்லாம் கிடையாது. அவன் குடித்த சொம்பை நான் கையில் வாங்கிக் குடிப்பேன். அப்பேர்ப்பட்டவனுக்கு நான் கெடுதல் நினைப்பேனா?

மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

உன் அன்பு அண்ணன்,
பிரான்சிஸ்


கோயம்புத்தூர்,
22.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்தேன். இது நான்காவது. என் சொற்களில் கடுமை இருந்தால், அதைக் குறைத்த பிறகு எஞ்சியது இது என்று கொள்ளுங்கள்.

மருத்துவரின் பரிசோதனை அறிக்கை நகல் கைக்கு வந்துவிட்டது. இடது கை விரல்களில் கம்பியின் தடம். வலது குதிகாலில் மின்சாரம் வெளியேறிய சிறு துளை. கழுவியும் பித்தவெடிப்புக்குள் மண். இரண்டு குதிகால்களின் பின்புறமும் சிராய்ப்பு, அதில் இரத்தக்கசிவு இல்லை, அதாவது இறந்த பின் இழுக்கப்பட்டது. மூன்று விலா எலும்புகள் முறிவு. அது அண்ணி அமுக்கியதால் வந்தது. முறியும் அளவுக்கு அமுக்கியிருக்கிறார்கள் என்றால் மிகச் சரியாக அமுக்கியிருக்கிறார்கள். அவர்கள் கேள்விக்கு இதுதான் பதில். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அறிக்கையோடு நான் எனக்குத் தெரிந்த தடயவியல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். பெயர், ஊர் எதையும் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, கூட்டாமலும் குறைக்காமலும்.

அண்ணி கேட்ட சோலார் வேலி நொடிக்கு ஒரு முறை, இமைப்பொழுதிலும் குறைவான நேரம் அடிக்கும். பன்றியானாலும் மனிதனானாலும் அலறிக்கொண்டு விலகிவிட முடியும். வீட்டு மின்சாரம் அப்படி அல்ல. அது நொடிக்கு ஐம்பது முறை திசை மாறி மாறி ஓடித் தசையைச் சுண்டியிழுத்தபடியே இருக்கும். விரல்களை மடக்கும் தசை, விரிக்கும் தசையைவிட வலுவானது. ஆகவே பிடித்த கை விடாது. விட வேண்டும் என்று மூளை கட்டளையிடும், கை கேட்காது. தொண்டையும் மார்பும் இறுகிவிடுவதால் கூப்பிடவும் முடியாது. கை ஈரம், கால் ஈரம் என்றால் தோலின் தடை பல மடங்கு குறைந்துவிடும். இடது கையில் நுழைந்து காலில் இறங்கும் மின்சாரம் இதயத்தைக் கடந்துதான் போகும். நீங்கள் வெள்ளைச் சட்டையோடு நின்று ஜெபமா பண்றே என்று கேட்டபோது, அவருக்கு அது காதில் விழுந்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். "கூடும்" என்பது அவர் பயன்படுத்திய சொல். நான் அதை மாற்றவில்லை.

அடுத்தது. மனித உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. அது சட்டியில் ஊற்றி வைத்த தண்ணீர் அல்ல, இறங்குவதற்கு. நீங்கள் சுவிட்சை அணைத்த அந்த நொடியிலேயே அவரைத் தொட்டிருக்கலாம். அப்போது இதயம் நின்றுபோகவும் இல்லை. தாளம் கெட்டு, இரத்தத்தைத் தள்ள முடியாமல் புழுப்போல் நெளிந்துகொண்டிருந்திருக்கும். அந்த நிலையில் மார்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஆள் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு நிமிடம் தாமதிக்கும்போதும் அந்த வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். குறட்டை என்று எழுதினீர்களே, அது மின்சாரம் இறங்கிய ஓசை அல்ல. இரத்தம் கிடைக்காத மூளை மூச்சுக்காக எடுத்த கடைசி முயற்சி. ஒரு மனிதர் நான்கைந்து முறை உங்களிடம் உயிர் கேட்டார். நீங்கள் அவர் காலில் மண்ணை அள்ளிப் போட்டீர்கள். ஐம்பது அடி தூரத்தில் அண்ணி அடுப்படியில் இருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவர்களை அழைத்து, பிணத்தைக் கொடுத்து உயிர் கேட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே வாந்தி எடுத்தேன். பயத்தில் அறியாமல் நின்றது குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்; இலட்சம் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் ஒரு மனிதர் மேல் கைவைக்கப் பத்து நிமிடம் அஞ்சிய அதே கைகள், அவர் செத்தார் என்று உறுதியானதும் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் காலைப் பிடித்து இழுத்தன. அங்கேதான் எனக்கு அருவருப்பு தாங்கவில்லை.

அந்த அருவருப்பில் பாதி என்னுடையது என்பதையும் எழுதிவிடுகிறேன். பொள்ளாச்சி வழக்கில் செத்துப்போனவரின் காலிலும் இப்படி ஒரு கோடு இருந்தது. அறிக்கையில் அந்த வரியை நான் படித்தேன். எதிர்த்தரப்பு அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தும் பேசாமல் இருந்தேன். சட்டப்படி என் மேல் பிழையில்லை. பிரியாணித் தட்டின் முன் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தது எந்தச் சட்டத்திலும் வராது. நீங்கள் பிணத்தை இழுத்த வழி நான் போட்டுக்கொடுத்தது.

நேற்று பாவாத்தாள் என் அலுவலகத்துக்கு வந்தார். தீபாவளிக்கு மறுநாள், பேருந்தெல்லாம் கூட்டம். அன்னூரிலிருந்து நின்றபடியே வந்திருக்கிறார். அதே கேள்வி. "பிரான்சிசண்ணன் ஒடனே போயிட்டான்னு சொல்றாருங்க. அவரு சொன்னா செரியாத்தான் இருக்கும். இருந்தாலும் நீங்க படிச்சவிய, ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் தூங்கிப்போடுவேன்" என்றார். என் மேசை இழுப்பறையில் உங்கள் கடிதம் இருந்தது. எனக்குத் தெரியாதம்மா என்றேன். இரண்டாம் முறை சொன்னது பொய். நான் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த இந்த இருபத்துமூன்று ஆண்டுகளில், நீதிமன்றத்துக்கு வெளியே ஓர் ஏழைப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொன்ன முதல் பொய்.

அவரிடம் போய் நீங்களே சொல்லிவிடுங்கள், அண்ணா. பிறகு காவல் நிலையத்துக்குப் போங்கள். நான் உடன் வருகிறேன்.

அன்புடன்,
ஜெரோம்


அன்னூர்,
26.10.2025

தம்பி ஜெரோமுக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். மருத்துவப் பாடம் நன்றாக எழுதியிருக்கிறாய்.

எல்லாம் தெரிந்துதான் நின்றேன் என்கிறாயா? எந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? எட்டாவதோடு மில்லுக்குப் போனவன் நான். நீ படிக்க வேண்டும் என்று போனேன். அதை நான் இதுவரை உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, இப்போது சொல்ல வைத்துவிட்டாய். நீ கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஜெயித்தபோது வராத குமட்டல், அண்ணன் மாட்டிக்கொண்டதும் வருகிறது. காட்டுக்காரர்கள் பத்துப் பேர் இதே வேலியைப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சட்டம், நேற்று ஒன்றரை ஏக்கர் வாங்கிய நமக்கு ஒரு சட்டமா?

பாவாத்தாள் நிம்மதியாக இருக்கிறாள். நொடியில் போய்விட்டான் என்று நம்புகிறாள். அதைக் கெடுத்து உனக்கு என்ன கிடைக்கும்? போனவன் வரப்போவதில்லை.

ஆகவேண்டியதைச் சொல்கிறேன். வேலிக் கம்பி, வயர் எல்லாவற்றையும் சுருட்டிப் பாழுங்கிணற்றில் போட்டாயிற்று. அந்தக் கோட்டுக்கு ஒரு பதில் வேண்டும். மோட்டார் ரூமில் பழைய கம்பி ஒன்று தொங்கியது, ஐயாசாமி அதை இடது கையால் பிடித்தான் என்று சாமுவேல் மாற்றிச் சொல்லத் தயாராக இருக்கிறான். எப்படிச் சொன்னால் நிற்கும் என்று நீ எழுதிக் கொடு, அவன் மனப்பாடம் பண்ணிக்கொள்வான். நீ இதில் கெட்டிக்காரன். கம்பி ஒன்றையும் நாளைக்குக் கட்டித் தொங்கவிட்டுவிடுகிறேன்.

வேலியை எடுத்த மறுநாளே பன்றி வந்துவிட்டது. பாதிச் சோளம் தரையில் கிடக்கிறது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

மெர்சி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவளுக்கு நீ ஏதாவது சொன்னாயா?

உன் அண்ணன்,
பிரான்சிஸ்


கோயம்புத்தூர்,
30.10.2025

அண்ணாவுக்கு,

அண்ணியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

இத்துடன் 17-ஆம் தேதியிட்ட உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி ஆலோசனை கேட்டு, உங்கள் வழக்கறிஞருக்கு நீங்கள் எழுதியது அது. நகல் எடுக்கவில்லை. அதன் உள்ளடக்கம் என்னோடு கல்லறைக்குப் போகும். உங்கள் அனுமதி இல்லாமல் பாவாத்தாளுக்கும் சொல்ல முடியாது. அந்த வாக்குறுதியைக் கொடுத்தது நான். அதை வெறுத்தபடியே காப்பாற்றுவேன்.

26-ஆம் தேதியிட்ட கடிதத்தை அனுப்பவில்லை. பொய்ச் சாட்சி தயாரித்துக் கொடு என்று கேட்பதும், சாட்சியத்தை அழித்தேன், இன்னொன்றைப் புதிதாகக் கட்டித் தொங்கவிடுவேன் என்று சொல்வதும் ஆலோசனை கேட்பது ஆகாது. இனிச் செய்யப்போகும் குற்றத்துக்கு வழக்கறிஞரைத் துணைக்கு அழைக்கும் கடிதத்துக்குச் சட்டம் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. இதை நான் முதல் கடிதத்திலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. என் சொந்த அண்ணன் அப்படி ஒரு கடிதம் எழுதுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வழக்கறிஞர் பொறுப்பிலிருந்து இந்தக் கடிதத்தின் மூலம் விலகிக்கொள்கிறேன். வேறு ஒருவரை அமர்த்திக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நவம்பர் 3, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு 26-ஆம் தேதிக் கடிதத்தோடு நான் காவல் நிலையத்துக்குப் போவேன். அதற்கு முன் நீங்களாகவே போய்விட்டால், எனக்கு அங்கே வேலை இருக்காது. இந்த நான்கு நாட்கள் சட்டம் தந்தவை அல்ல; நான் தருபவை. இது தவறாகக்கூட இருக்கலாம். நான் செய்யும் ஒரே சலுகை இதுதான்.

காட்டுக்காரர்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டம் இல்லை என்று காட்டத்தான் நான் படித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சியில் அவர்களுக்காக அதை வளைத்துக் கொடுத்தேன். இப்போது உங்களுக்காகவும் வளைக்கச் சொல்கிறீர்கள். அப்படிச் செய்தால் எல்லாரும் சமம் ஆகிவிடுவோம்தான். அந்தச் சமத்தை நினைத்தாலே நாற்றமடிக்கிறது.

பாவாத்தாள் நிம்மதியாக இருக்கிறார் என்று எழுதினீர்கள். நிம்மதியாக இருப்பவர் அன்னூரிலிருந்து நின்றபடியே பேருந்தில் வந்து ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்க மாட்டார்.

நீங்கள் எனக்காக மில்லுக்குப் போனதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

இப்படிக்கு,
ஜெரோம்


அன்னூர்,
2.11.2025
கல்லறைத் திருநாள்

தம்பிக்கு,

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார், வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகுமாம். பேப்பர் இவர்களிடமே வாங்கினேன். சாமுவேல் வரவில்லை, அவன் வரும்போது வரட்டும். என் பங்கை நான் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு நீ வர வேண்டிய வேலை இல்லை.

நேற்றுச் சாயந்திரம் மெர்சியிடம் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "பத்து நிமிசமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் அப்ப இட்லி ஊத்தீட்டிருந்தனுங்க" என்றாள். அவள் உடைத்த எலும்பைப் பற்றி நீ எழுதியதையும் படித்துக் காட்டினேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலையில் கல்லறைக்குத் தனியாகப் போனாள். பின்னாலேயே நான் போனபோது அப்பா கல்லறையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது; அவள் வைத்ததுதான். எனக்காக அவள் நிற்கவில்லை.

அங்கிருந்து பாவாத்தாள் வீட்டுக்குப் போனேன். வாங்கண்ணா என்று நாற்காலி போட்டாள். நான் கேட்காமலே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தாகமாக இருந்தது, முழுதும் குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் சொன்னேன். வேலி, நான் தூங்கிப்போனது, அவனைப் பார்த்துக் கேலி பேசியது, தொடாமல் நின்றது, மண் போட்டது, இழுத்தது. ஒன்றும் விடவில்லை. நீ எழுதச் சொன்ன மாதிரியே, மறைக்காமல், கூட்டாமல்.

"அப்ப மூச்சு இருந்துச்சுங்களா?" என்றாள்.

"இருந்துச்சு, பாவாத்தா."

"எத்தன மூச்சுங்க?"

"அஞ்சு இருக்கும்" என்றேன்.

வாசலில் அவனுடைய மண்வெட்டி சாய்த்து வைத்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு வந்திருப்பேன். ரொம்ப நேரம் ஆனதும் நான் எழுந்தேன். காலி டம்ளர் கையிலேயே இருந்தது, அவளிடம் நீட்டினேன். பழக்கத்தில் அவள் கையும் முன்னால் வந்தது. பாதி வழியில் நின்றது. இழுத்துக்கொண்டாள்.

"அங்கியே வெச்சுப்போடுங்க" என்றாள்.

கீழே வைத்துவிட்டு வந்தேன்.

பிரான்சிஸ்